பிள்ளை வந்த பிறகு படம் பார்க்க எது நல்லது: குன்னூர் வீடா, ஊட்டி தியேட்டரா, கோவை மாலா?

கல்யாணமான புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் மாதத்துக்கு இரண்டு மூன்று படமாவது தியேட்டரில் பார்த்துவிடுவோம். மத்தியானம் முடிவு செய்தால் போதும். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஊட்டியில் இறங்கி, ஓடுகிற தமிழ்ப் படத்துக்குப் போவோம். அது பிடிக்கவில்லை என்றால் அசெம்பிளி ரூம்ஸ் தியேட்டரில் ஆங்கிலப் படம். திரும்பும்போது எல்லநள்ளி வரை படத்தைப் பற்றிச் சண்டை, அருவங்காடு வருவதற்குள் சமாதானம். அந்தப் பஸ் பேச்சுக்காகவே படத்துக்குப் போனோம் என்றுகூடச் சொல்லலாம்.

மகளுக்கு இப்போது நாலு வயது. இந்த நாலு வருடத்தில் படம் பார்க்க நாங்கள் முயன்ற வழிகள் நாலு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவை மாலுக்குப் போனோம். வீட்டில் ஓடிடியில் பார்த்தோம். ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மற்றவர் ஊட்டிக்குப் போய்வந்தோம். மலைக்குக் கீழே காரமடையில் என் அம்மாவிடம் மகளை விட்டுவிட்டு இருவருமாகவும் போனோம். இந்தப் பேச்சு வந்தாலே திரை எவ்வளவு பெரிசு, டிக்கெட் என்ன விலை என்றுதான் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பிள்ளை பிறந்ததும் கையைவிட்டுப் போவது வேறு இரண்டு: யாரும் கூப்பிடாமல் இரண்டரை மணி நேரம் உட்காருவது, முடிந்ததும் கூடப் பார்த்தவரோடு பேசுவது. இவற்றில் எந்த வழியில் எது மிஞ்சுகிறது, அதற்குப் பிள்ளை என்ன விலை கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதலில் கோவை. மகளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் இறங்கினோம். குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அடிவாரத்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஒன்றரை கிலோமீட்டர் கீழே இறங்குகிறோம். பர்லியாறு நெருங்கும்போது நன்றாக விளையாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று அலறினாள். காதைக் காதைத் தேய்த்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்சீட்டில் இருந்த வயசான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "காது அடைச்சிருக்குது கண்ணு, பால் குடு" என்றார். கொடுத்தேன். நாலு மடக்கு விழுங்கியதும் அழுகை நின்றது. கீழே இறங்க இறங்க வெளியில் காற்றழுத்தம் கூடுகிறது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் திறந்தால்தான் உள்ளேயும் அது சமமாகும். நாம் எச்சில் விழுங்கியோ கொட்டாவி விட்டோ சரிசெய்துகொள்கிறோம். குழந்தைக்கு அது தெரியாது, விழுங்க வைக்க வேண்டும். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கே இது அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது இறங்கும்போது குழந்தையைத் தூங்கவிடாமல் வைத்திருந்து, வளைவு தொடங்கியதும் பால் கொடுத்துவிடச் சொல்லி எல்லாரிடமும் சொல்கிறேன்.

அப்படிப் போய்ச் சேர்ந்த படத்தில் இருபது நிமிடம் தாண்டியதும் முதல் சண்டைக் காட்சி. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு முழுவதும் தூக்கிப் போட்டதை என் நெஞ்சில் உணர்ந்தேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். தியேட்டர் ஒலியை அமைக்கிற தரக்கணக்கில் அடிப்படை அளவே 85 டெசிபல். உச்சத்தில் திரைக்குப் பின்னால் இருக்கிற ஒரு ஸ்பீக்கரே 105 வரை போகலாம். தொழிற்சாலையில் வேலை செய்கிற பெரியவர்களுக்கே 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் எல்லை என்கிறது அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் (NIOSH); அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் அந்த நேரம் பாதி பாதியாகக் குறையும். ஏழு மாதக் காதுக்கு அங்கே என்ன வேலை? மீதிப் படத்தை அவர் பார்த்தார், நான் நடைபாதையில் குழந்தையோடு உலாத்தினேன். திரும்புகிற பஸ்ஸில் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவருக்கும் முழுப் படம் மனதில் ஏறவில்லை என்று பிறகு சொன்னார்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 'ஏ' சான்றிதழ் படத்துக்கு 18 வயதுக்குக் கீழ் யாரையும் உள்ளே விடக் கூடாது. மடியில் தூங்குகிற குழந்தைக்கும் அதுதான் சட்டம். ஒருமுறை வாசலில் நிறுத்தப்பட்டுத் திரும்பியிருக்கிறோம். நிறுத்தியவர் மேல் தப்பே இல்லை. மூன்று வயது ஆனதும் மல்டிப்ளெக்ஸ்களில் பிள்ளைக்கும் முழு டிக்கெட். திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கைரளி தியேட்டர் வளாகத்தில் 2022-இல் கண்ணாடி போட்ட ஓர் அறை கட்டினார்கள். அழுகிற குழந்தையோடு அங்கே உட்கார்ந்து படத்தை விடாமல் பார்க்கலாம். கோவையில் நான் போன இடங்களில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் என் தீர்ப்பு கொஞ்சம் மாறியிருக்கும். இப்போதைக்கு, கைக்குழந்தையோடு கோவை மால் வேண்டவே வேண்டாம். போக இரண்டு மணி நேரம், வர அதைவிடக் கூட. சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டால் இறங்குவது கோத்தகிரி சுற்றித்தான். இவ்வளவு பாடுபட்டும் மேலே சொன்ன இரண்டில் ஒன்றுகூட மிஞ்சாது.

அடுத்தது வீடு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு நஷ்டம் அதிகமில்லை. எங்கள் வீட்டில் சிக்கல் கூரைதான். தகரக் கூரை. ஜூன், ஜூலையில் மழை பிடித்தால் வசனம் கேட்காது. சத்தம் கூட்டினால் அவள் விழித்துக்கொள்வாள். அதனால் தமிழ்ப் படத்தையே சப்டைட்டில் போட்டுப் பார்க்கப் பழகினோம். காற்றில் மரம் விழுந்து லைன் அறுந்தால் நெட்டும் போய்விடும். நெட் இருக்கும்போதே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்வது மலைக்காரர்களுக்குக் கட்டாயம்.

ஆனால் மழையைவிடப் பெரிய பிரச்சினை இரவு ஒன்பது மணி. அவள் தூங்கியதும் போடுகிறோம். நாற்பது நிமிடத்தில் இரண்டு பேரில் ஒருவர் தூங்கிவிடுகிறோம். மறுநாள் அங்கிருந்து தொடங்கினால் ஒருவருக்குத் தெரிந்த காட்சி, மற்றவருக்குப் புதிது. இப்படி ஒரு படத்தை ஐந்து நாள் பார்த்தோம். கடைசியில் அது யாருடைய கதை என்பதே எங்களுக்கு நிற்கவில்லை. அதற்கப்புறம்தான் ஒரு முறையைப் பிடித்தோம். தமிழ்ப் படத்தை இடைவேளையில் மட்டும்தான் நிறுத்துவது. நம் படங்களை எடுக்கிறவர்களே இடைவேளைக்கு என்று ஒரு முடிச்சைப் போட்டுத்தான் கதையைக் கட்டுகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தினால் அடுத்த நாள் முழுக்க அந்த முடிச்சு மனதிலேயே இருக்கும். சமையல்கட்டில் அதைப் பற்றிப் பேசுவோம். மற்ற எந்த இடத்தில் நிறுத்தினாலும் படம் உடைந்துபோகிறது. ஆங்கிலப் படங்களில் இந்த வசதி இல்லை, அவற்றை இரண்டு நாளாகப் பிரிப்பது எனக்கு இன்றுவரை சரிப்படவில்லை.

நேரத்தை மாற்றியதும் பெரிய உதவி. இரவுக்குப் பதிலாக விடியற்காலை நாலரை மணி. டிசம்பர் குளிரில் எழுந்திருப்பது கஷ்டம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆளுக்கொரு டம்ளர் சூடான டீயோடு உட்கார்ந்தால் ஏழு மணிக்கு அவள் எழுவதற்குள் ஒரு படம் முழுசாக முடிந்துவிடும். தூக்கம் முடிந்த தலை, தூங்கப்போகிற தலையைவிட எவ்வளவு நன்றாகப் படம் பார்க்கிறது! அவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து வரத்து கூடுகிற மாதங்களில் இரவு ஷிஃப்ட் விழும், அப்போது இது நடக்காது. மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கிறது.

அவள் விழித்திருக்கும்போது போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் போடவில்லை. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 அறிவுரையும் இரண்டு வயதுக்குள் வேண்டாம் என்கிறது. சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. எங்கள் படத்துக்காக அவள் கண்ணைப் பழக்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது வழி, முறை வைத்துப் போவது. சனிக்கிழமை அவர், ஞாயிற்றுக்கிழமை நான், ஊட்டியில் மத்தியான ஆட்டம். இரவு ஆட்டத்தை நாங்கள் விட்டதற்குப் பிள்ளை மட்டும் காரணமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிற வழியில் இருட்டிய பிறகு காட்டெருமை நிற்கும், கரடியும் வருகிறது. காத்துக்கொண்டிருக்க வீட்டில் ஒரு குழந்தை இருக்கும்போது அந்தத் துணிச்சல் தேவையில்லை.

தனியாகப் படம் பார்ப்பது துக்கமாக இருக்கும் என்று நினைத்துத்தான் முதல்முறை போனேன். விளக்கு அணைந்ததும் மடி காலியாக இருந்தது, கை எதையோ தேடியது. பத்து நிமிடத்தில் அது போய்விட்டது. ஏழெட்டு மாதத்துக்கு அப்புறம் இரண்டரை மணி நேரம் முழுசாக எனக்கே எனக்கு. அன்றைக்குப் பார்த்தது சுமாரான படம்தான், ஆனாலும் காட்சி காட்சியாக இன்னும் நினைவிருக்கிறது. பேச்சும் போகவில்லை, தள்ளித்தான் போனது. சனிக்கிழமை ராத்திரி அவர் வாயைத் திறக்கக் கூடாது. "நீ பார்த்துட்டு வா, அப்புறம் பேசலாம்" என்பார். ஞாயிறு இரவு இரண்டு பேரும் பொழிந்து தள்ளிவிடுவோம்.

இதில் ஒரு அநியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பால் குடிக்கிற மாதங்களில் முறை என்பது அப்பாவுக்கு மட்டும்தான் முறை. பஸ், படம், பஸ் என்று ஐந்து மணி நேரம் ஆகிவிடும். அம்மாவால் அவ்வளவு நேரம் விலகி இருக்க முடியாது. பால் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி வரை உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம் என்பது கணக்கு. குன்னூரில் கோடையில்கூட வீட்டுக்குள் அந்தச் சூடு வருவது அபூர்வம். அதற்கு மேல் ஆகுமென்றால் ஃப்ரிட்ஜில்தான். நான் இதை யோசிக்காமலே ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். அவர் போய் வந்த படங்களைக் கதையாகக் கேட்டதில் எனக்கு உள்ளுக்குள் வருத்தம் இருந்தது. புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் முதல் வாரத்திலேயே இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நாலாவது, அம்மிச்சி. மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுக் காரமடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் கோவை. படமும் முழுசு, பக்கத்தில் ஆளும் உண்டு, திரும்பும்போது பேச்சும் உண்டு. எல்லா வகையிலும் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. முதல்முறை இடைவேளை மணி அடித்ததும் ஓடிப்போய்ப் போன் செய்தேன். "அவ தூங்கறா கண்ணு, நீ போய் படத்தப் பாரு" என்று சொல்லி அம்மா வைத்துவிட்டார். ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி. குழந்தை ஓட ஆரம்பித்த பிறகு பின்னால் ஓட முடியவில்லை. மலையிறங்கிப் போவதும் எங்களுக்கு வருடத்தில் மூன்று நாலு தடவைதான். அதனால் உண்மையாகவே பெரிய திரைக்கு என்று எடுத்த படம் வந்தால் மட்டும் இந்த வழி. மற்றபடி பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும் வரை விடியற்காலை வீடு, அதற்கு மேல் முறை வைத்து ஊட்டி. எங்களைப் போல மலையில் இருப்பவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

போன மாதம்தான் அவளையே முதல்முறை தியேட்டருக்குக் கூட்டிப்போனோம். 2024-இலிருந்து யு/ஏ படங்களை 7, 13, 16 என்று வயது போட்டுப் பிரிக்கிறார்கள். அதைப் பார்த்து வெறும் 'யு' படமாகத் தேர்ந்தெடுத்தோம். வளைவில் பஸ் என்றால் அவளுக்கு வாந்தி வரும், அதனால் போகும்போது மலை ரயில். கடைசி வரிசையில், ஸ்பீக்கரிலிருந்து தள்ளி உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிடம் அவள் திரையையே பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து, தலைக்கு மேல் போகிற வெளிச்சத்தில் தூசி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் விளக்கு போட்டதும், "முடிஞ்சுதாம்மா?" என்றாள். பாதிதான் என்றேன். "போதும்" என்றாள். வெளியே வந்து வர்க்கி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்ததில் வாந்தியும் வரவில்லை. அந்தப் பாதிப் படத்தின் கதையை, கூடவே உட்கார்ந்து பார்த்த எங்களுக்கே, முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் அப்பா ஒரு இடத்தைத் திருத்தப் போக, "நீங்க சரியாப் பாக்கலப்பா" என்று மறுத்துப் பேசினாள். பஸ் எல்லநள்ளியைத் தாண்டிக்கொண்டிருந்தது.