ஒட்டி எழுதுவதா, ஸ்பேஸ் விட்டு எழுதுவதா?

பலகை என்று சேர்த்து எழுதினால் ஒரு பொருள். பல கை என்று பிரித்தால் வேறு பொருள். ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் +, ++, < போன்ற ஆபரேட்டர்களிலும் (செயல் குறிகள்) சில இடங்களில் இதே கதைதான்.

அ, ஆ இரண்டின் மதிப்பும் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள் (மாறிகளுக்கு, அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயர்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும்). ++ என்பது மாறியில் ஒன்றைக் கூட்டும்: மாறிக்கு முன்னால் வந்தால் கூட்டிய மதிப்பு கணக்கில் சேரும், பின்னால் வந்தால் பழைய மதிப்பு. அ+++ஆ என்று நெருக்கி எழுதினால் விடை 2. அ + ++ஆ என்றால் 3. நிரலை ஓட்டும் எஞ்சின் இடமிருந்து படித்துக்கொண்டே வரும்போது, எவ்வளவு நீளமான குறி கிடைக்குமோ அதை முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் ++ போய் அ-வோடு ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் ஒரு + மட்டும்.

ஒட்டி எழுதினால் கோப்பு சிறிதாகும் என்பது உண்மை. ஆனால் அதற்குத்தான் தேவையற்ற ஸ்பேஸ்களை நீக்கிக் கோப்பைச் சுருக்கும் மினிஃபையர் கருவி இருக்கிறது. அதுவே அ+ +ஆ என்பதில் நடுவிலுள்ள ஸ்பேஸைத் தொடாது. தொட்டால் அ++ஆ ஆகி சின்டாக்ஸ் எரர். பிரவுசரின் சாதாரண ஸ்கிரிப்டில் அ<!--ஆ என்று எழுதிப் பாருங்கள்: <!-- தொடங்கி வரி முடியும்வரை கமெண்ட்டாக (எஞ்சின் கண்டுகொள்ளாத குறிப்பாக) போய்விடும். அ < !--ஆ என்றால் ஒப்பீடு.

என்னை ஒரு நாள் முழுக்க அலைக்கழித்தது வேறொன்று. பில் போடும் லூப்பில், மொத்தத்தோடு விலையைக் கூட்டும் += குறிக்குப் பதிலாக மொத்தம்=+விலை என்று அடித்திருந்தேன். எரர் எதுவும் வரவில்லை. எத்தனை பொருள் சேர்த்தாலும் கடைசிப் பொருளின் விலைதான் மொத்தமாக நின்றது. நிரலைச் சீராக அமைத்துத் தரும் பிரிட்டியர் கருவியை ஓட்டியிருந்தால் மொத்தம் = +விலை என்று பிரித்துக் காட்டியிருக்கும்; கண்ணில் பட்டிருக்கும்.

மூன்றாவது வழியும் உண்டு: 1 + 2*3 என்று, முதலில் நடக்கும் கணக்கை மட்டும் நெருக்கி எழுதுவது. கோ மொழியில் கோஃபம்ட் கருவியே இப்படி அமைத்துத் தருவதால் அங்கே நம்பலாம். ஜாவாஸ்கிரிப்டில் கையால் செய்தால் ஆபத்து. 1+2 * 3 என்பதைப் பார்த்தால் 9 போலத் தெரியும், விடை 7. ஸ்பேஸ் முன்னுரிமையை மாற்றாது.

என் ஓட்டு இருபுறமும் ஸ்பேஸ் விடுவதற்கே. கூட்டல் முதலில் நடக்க வேண்டுமா, (1 + 2) * 3 என்று அடைப்புக்குறி போடுங்கள். ++ மட்டும் தன் மாறியோடு ஒட்டியே இருக்கட்டும். அதற்கு முன்னால் என்டர் தட்டினால், அடுத்த வரியிலுள்ள மாறிதான் கூடும்.