உங்கள் பங்குக்காக உங்களைவிட அதிகம் கோபப்படுகிற ஆள்

அப்பா போன பிறகு உயிலைப் படித்தபோதுதான், நான் ஒருத்தி இருப்பதே எங்கள் வீட்டில் பலருக்கு ஞாபகம் வந்தது. வாடகைக்கு விட்டிருந்த கட்டடமும் அதையொட்டிய காலி மனையும் என் பெயரில் இருந்தன. அதுவரை அண்ணன்கள் பேசி முடிப்பார்கள், எனக்குத் தகவல் வரும், அவ்வளவுதான். பரிதாபம் தேடி இதை எழுதவில்லை. காதலன் வேஷத்தில் அந்தச் சொத்துக்காக நெருங்கியவன் எந்த வழியாக உள்ளே வந்தான் என்பது புரிய வேண்டும், அதற்காகத்தான்.

ஒரு தோழி மூலம் அறிமுகம். பரிசு, புகழ்ச்சி, கவிதை எதுவும் கிடையாது. சொத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் சொல்வதைக் கேட்டான். "உங்களைக் கேக்காமலேயே முடிவெடுத்தாங்களா? நீங்க எப்படிங்க பொறுத்துக்கிட்டீங்க?" என்றான். எனக்காக ஒருவர் கோபப்படுவது எனக்குப் புதிது. நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்றால் பொய்.

அந்தக் கோபம்தான் அவனுடைய தொழில். நான் மறந்துபோன அவமானங்களை அவன் நினைவு வைத்திருந்தான். அண்ணன் போன் செய்தால், "இப்ப மட்டும் பாசம் பொங்குதா?" என்பான். குடும்ப வக்கீலைப் பற்றிப் பேச்சு வந்தால், "அவர் உங்க அண்ணனோட ஆளு." சித்தி வந்து போனால், "எதையோ மோப்பம் பிடிக்க வந்திருக்காங்க." ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். கடைசியில், காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல என்னைச் சுற்றி ஒருவரும் மிஞ்சவில்லை. அறிமுகப்படுத்திய தோழிகூட இல்லை.

இந்தக் கட்டத்துக்குப் பிறகுதான் 'நீங்க' போய் 'நீ' வந்தது, கல்யாணப் பேச்சு வந்தது, கூடவே காகிதமும் வந்தது. முதலில் அவன் வாங்கும் தொழில் கடனுக்கு என் ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஃபார்மாலிட்டி. பணம் நான்தானே கட்டப்போறேன்?" ஜாமீன்தாரர் என்பவர் சாட்சி இல்லை. கடன் வாங்கியவன் கட்டவில்லை என்றால் முழுத் தொகைக்கும் அவர்தான் பொறுப்பு. வங்கி யாரிடம் சுலபமாக வசூலாகுமோ அவரிடம்தான் வரும், என்னிடம் வந்தது. ஆனால் வங்கியின் கடிதம் வந்தது பிற்பாடுதான்.

அடுத்தது பவர் பத்திரம், அதாவது என் சார்பில் அவன் செயல்பட நான் கொடுக்கும் அதிகாரம். "வாடகை வசூல் பண்ண, வரி கட்ட மட்டும். நீ அலைய வேண்டாமேன்னுதான்" என்று சொல்லி, வரைவை மெயிலில் அனுப்பினான். அதில் அப்பா பெயர் தப்பாக இருந்தது. திருத்துவதற்காக வேர்டில் திறந்தேன். அலுவலக வேலையே கோப்புகளோடுதான் என்பதால், அதன் விவரப் பகுதியைப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கம். உருவாக்கியவர் என்ற இடத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த மனையை விலைக்குக் கேட்டு அப்பாவிடம் பலமுறை வந்து போன புரோக்கர் அவர். கோப்பு உருவான தேதியோ, இவன் எனக்கு அறிமுகமாவதற்கு முன்பு! தேதியை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பழைய படிவத்தைத் திருத்தினாலும் அப்படி வரும். அந்தப் பெயர் எப்படி வரும்?

அப்புறம்தான் வரைவை வரிவரியாகப் படித்தேன். விற்கலாம், அடமானம் வைக்கலாம், தொகையை அவனே பெற்றுக்கொள்ளலாம். நடுவில் சாதுவாக ஒரு வாக்கியம்: இதற்கு ஈடாக நான் ஏற்கெனவே பணம் பெற்றுக்கொண்டேனாம். வேறொரு வக்கீலிடம் காட்டினேன். சாதாரண பவரைக் கொடுத்தவரே ரத்து செய்யலாம்; ஆனால் பணம் வாங்கிக்கொண்டு சொத்தில் உரிமை கொடுத்ததாக எழுதிவிட்டால் ரத்து செய்வது பெரும்பாடு, அதற்காகத்தான் அந்த வரி என்றார்.

அவனிடமே கேட்டேன். முதலில் அழுதான், அப்புறம் "என்னையே சந்தேகப்படுறியா?" என்று கத்தினான், அன்றிரவே போன் அணைந்தது.

படித்த பெண்ணுக்கு இது தெரியாதா என்று கேட்பவர்கள் சுசான் கிளாட்டன் வழக்கைப் பார்க்கலாம். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பெரும் பங்குதாரர், ஜெர்மனியின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 2007-இல் ஹெல்க் ஸ்கார்பி என்பவன் காதலனாக நெருங்கி, அமெரிக்காவில் ஒரு குழந்தைமீது கார் மோதிவிட்டதாகக் கதை கட்டி, 70 லட்சம் யூரோ வாங்கினான். பிறகு ரகசியமாக எடுத்த வீடியோவைக் காட்டி மிரட்டினான். அவர் போலீசுக்குப் போனார். 2009-இல் மியூனிக் நீதிமன்றம் அவனுக்கு 6 ஆண்டு சிறை கொடுத்தது.

நானும் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. கடன் தவணையை இப்போது நான்தான் கட்டுகிறேன். சொத்து தப்பியது.

ஏற்கெனவே இப்படி ஒருவனுக்கு பவர் கொடுத்துவிட்டவர்கள் வாய்வார்த்தையாக "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். எழுத்தில் ரத்து செய்து, பத்திரம் பதிவாகியிருந்தால் ரத்தையும் பதிவு செய்து, அவனுக்கும் வங்கிக்கும் வாடகைதாரர்களுக்கும் ஒப்புகையோடு நகல் அனுப்புங்கள். ரத்தான விஷயம் தெரியாமல் அவனிடம் வாங்கியவர் வந்து நின்றால், வழக்கு அவரோடும் சேர்த்து நடத்த வேண்டியிருக்கும்.