எஸ்3 உறக்கமா, எஸ்2ஐடிலா: லினக்ஸ் மடிக்கணினிக்கு எது இயல்பிருப்பு?

மூடியைச் சாத்தியதும் எந்த உறக்கத்துக்குச் செல்வது என்பதை, ஃபர்ம்வேர் (வன்பொருளில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள்) தரும் ஏசிபிஐ அட்டவணைகளை, அதாவது வன்பொருள், மின்நிலை விவரங்களைப் பார்த்தே லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) முடிவு செய்கிறது. எஸ்3 உறக்கத்தில் சிபியுவுக்கு மின்சாரம் நின்றுவிட, ரேம் மட்டும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு தரவைக் காக்கிறது. விழிக்கும்போது கட்டுப்பாடு முதலில் ஃபர்ம்வேரிடம் செல்வதால், அதிலுள்ள ஒரு பிழையே திரை கருப்பாக நின்றுவிடப் போதும். எஸ்2ஐடில் என்னும் மென்பொருள்வழி உறக்கத்தில் இந்த ஒப்படைப்பே இல்லை. செயல்முறைகளை உறையவைத்து, சாதனங்களைக் குறைமின் நிலைக்கு அனுப்பி, சிபியுவை ஆழ்ந்த ஓய்வில் வைப்பது முழுக்கக் கர்னலின் பொறுப்பு. விழிப்பு விரைவானது, ஆனால் ஒரேயொரு சாதனம் தூங்க மறுத்தாலும் பேட்டரி பைக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

ஏசிபிஐ அட்டவணைகளுள் ஒன்றான எஃப்ஏடிடியில் குறைமின் எஸ்0 கொடி (இயங்குநிலையிலேயே எஸ்3 அளவுக்கு மின்சாரம் சேமிக்க முடியும் என்ற குறி) இருந்தால், பெரும்பாலும் எஸ்2ஐடிலே இயல்பிருப்பாகிறது. கிடைக்கும் உறக்க வகைகளைக் கர்னல் பட்டியலிடும் மெம்_ஸ்லீப் கோப்பில் சதுர அடைப்புக்குள் இருப்பது நடப்புத் தேர்வு. பல புதிய கணினிகளைப் போல அங்கே எஸ்3ஐக் குறிக்கும் ‘டீப்’ இல்லையெனில் எஸ்3 கிடைக்காது, ஒப்பிடவும் ஏதுமில்லை. இரண்டும் இருந்தால், கர்னலின் உறக்கச் சோதனைக்கான பிஎம்_டெஸ்ட் கோப்பின் வழியே உறையவைத்தல், சாதனங்கள் எனப் படிப்படியாகச் சோதித்தபின், ஒவ்வொன்றிலும் ஓர் இரவு உறங்கவைத்துப் பேட்டரி இழப்பை அளக்க வேண்டும். எஸ்3 பழுதின்றி விழிக்கும் பழைய கணினியில், கர்னல் அளவுரு (தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் அமைப்பு) வழியாக அதையே நிலைப்படுத்துவது என் தேர்வு.