ஏபிசியுபிஎஸ்டியா, நட்டா: சர்வரை எப்போது அணைப்பது?

யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளை லினக்ஸ் சர்வரில் செருகிவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எந்தக் கட்டத்தில் ஷட்டவுன் தொடங்க வேண்டும் என்பதுதான் மீதி. யுபிஎஸ்ஸைக் கவனித்து, மின்சாரம் போனால் சர்வரை முறையாக அணைக்கும் இரண்டு மென்பொருள்களான ஏபிசியுபிஎஸ்டியும் (apcupsd) நட்டும் (NUT) பிரிவது அங்கேதான்.

ஏபிசியுபிஎஸ்டி ஏபிசி பிராண்டு யுபிஎஸ்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரே கான்ஃபிக் கோப்பு, அதில் முக்கியமாக மூன்று வரிகள்: பேட்டரிலெவல் 5 (மீதி சார்ஜ் சதவீதம்), மினிட்ஸ் 3 (பேட்டரி தாங்கும் மீதி நிமிடங்கள்), டைம்அவுட் 0 (மின்சாரம் போய் எத்தனை விநாடி ஆனது). இவை அதன் இயல்பு மதிப்புகள். மூன்றில் எது முந்துகிறதோ அதன்படி ஷட்டவுன். டைம்அவுட் 0 என்றால் அந்த விதி கிடையாது. பல விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வருக்கு 3 நிமிடம் போதவே போதாது. முதலில் கையால் ஒருமுறை ஷட்டவுன் செய்து நேரத்தை அளந்து, அதன் இரு மடங்கை மினிட்ஸில் போடுங்கள். 4 நிமிடம் ஆனால் 8. பேட்டரிலெவலையும் 30 ஆக்கிவிடலாம். பேட்டரி பழசாகிவிட்டால் யுபிஎஸ் காட்டும் மீதி நேரக் கணக்கு பொய்க்கும். சார்ஜ் சதவீதமும் சரசரவென இறங்கும். ஒன்று ஏமாற்றினாலும் இன்னொன்று பிடிக்கட்டும்.

நட் அப்படித் தானாகக் கணக்குப் போடாது. ‘பேட்டரி லோ’ என்று யுபிஎஸ் சொல்லும்வரை காத்திருக்கும். சில மாடல்கள் அதை மிகத் தாமதமாகத்தான் சொல்லும். அதற்கு நட்டின் கான்ஃபிக் கோப்பான அப்ஸ்.கான்ஃபில் ‘இக்னோர்எல்பி’ (யுபிஎஸ் சொல்லும் ‘பேட்டரி லோ’வைப் பொருட்படுத்தாதே) என்ற வரியையும், ‘ஓவர்ரைடு.பேட்டரி.ரன்டைம்.லோ = 480’ (மீதி நேரம் இதற்குக் கீழே போனால் ‘லோ’ என்று கொள்) என்பதையும் சேர்க்க வேண்டும்; இந்த எண் விநாடிகளில். பலர் இரண்டாவதை மட்டும் போட்டுவிடுகிறார்கள். காட்டும் எண் மாறும், நடத்தை மாறாது.

இவ்வளவு சுற்று எதற்கு என்றால், ஒரு யுபிஎஸ்ஸில் இரண்டு மூன்று சர்வர்கள் தொங்கும்போது நட்தான் கைகொடுக்கும். ஏபிசியுபிஎஸ்டியில் 3551 போர்ட் வழியாக மற்ற சர்வர்கள் நிலையைப் படித்து, தங்கள் எல்லைப்படி தாங்களே அணையும். யுபிஎஸ்ஸின் கேபிள் செருகப்பட்ட முதன்மை சர்வர் யாருக்காகவும் காத்திருக்காது. நட்டில் (போர்ட் 3493) முதன்மை சர்வர் மற்றவற்றுக்கு உத்தரவிட்டு, ‘ஹோஸ்ட்சிங்க்’ நேரம் வரை, இயல்பாக 15 விநாடி, அவை இணைப்பைத் துண்டிக்கக் காத்திருக்கும். ஆனால் துண்டித்தது என்றால் அணையத் தொடங்கியது என்றுதான் பொருள், அணைந்து முடிந்தது என்றல்ல. ஆகவே மெதுவாக அணையும் டேட்டாபேஸ் சர்வர் இருந்தால், முதன்மையில் ‘ஃபைனல்டிலே’வை (தான் அணையுமுன் கடைசியாகக் காத்திருக்கும் நேரம்) 5 விநாடியிலிருந்து அதற்குத் தேவையான அளவு கூட்டுங்கள்.

ஷட்டவுன் தொடங்கிய பிறகு மின்சாரம் திரும்பினால் இரண்டிலும் ஒரே சிக்கல்: யுபிஎஸ் தன் அவுட்புட்டை ஒருமுறை வெட்டாவிட்டால் சர்வர் அணைந்தபடியே கிடக்கும். நட்டில் யுபிஎஸ் அவுட்புட்டை வெட்டுமுன் காத்திருக்கும் ‘ஆஃப்டிலே’ இயல்பாக 20, மீண்டும் தருமுன் காத்திருக்கும் ‘ஆன்டிலே’ 30 விநாடி. இரண்டாவது எப்போதும் பெரியதாக இருக்க வேண்டும். நிமிடக் கணக்கில் மட்டுமே எண்ணும் மாடல்களுக்கு 60, 120 என்று வையுங்கள். சர்வரின் பயாஸ் (தொடக்க அமைப்புத் திரை) பகுதியில், மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கும் தேர்வையும் இயக்குங்கள். இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.

ஒரு ஏபிசி யுபிஎஸ், ஒரு சர்வர் என்றால் ஏபிசியுபிஎஸ்டியே போதும். வேறு பிராண்டோ கூடுதல் சர்வர்களோ இருந்தால் யோசிக்காமல் நட். சோதிக்கும்போது யுஎஸ்பியை உருவாதீர்கள், சுவர் சுவிட்சை அணையுங்கள். ஏபிசியுபிஎஸ்டியில் அதற்காக டைம்அவுட்டை 60 ஆக்கி, சோதனை முடிந்ததும் மறக்காமல் 0 ஆக்கிவிடுங்கள்.