விமானிக்கு எது பொருத்தம்: தோல் ஜாக்கெட்டா, நாலு பட்டைக் கோட்டா?

1920-களில் தபால் விமானம் ஓட்டியவர்கள் தோல் ஜாக்கெட்டும், கண்ணில் காற்றுத் தடுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார்கள். திறந்த காக்பிட்டில் குளிர் எலும்பைத் துளைக்கும். கழுத்தில் பட்டுத்துணி வேறு; அது இல்லாவிட்டால் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்துத் தோல் உரிந்துவிடும். அத்தனையும் விமானியின் உடம்புக்காக.

அப்புறம் 1930-களில் பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனம், தண்ணீரில் இறங்கும் தன் கடல்விமானங்களின் விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளைப் போலக் கருநீலக் கோட்டு மாட்டிவிட்டது. இது பயணிக்காக. பறக்கப் பயந்தவருக்குக் கப்பல் கேப்டனின் தோற்றம் தெம்பு தந்தது. இன்றும் பொதுவாகக் கோட்டின் கையில் நாலு பட்டை இருந்தால் கேப்டன், மூன்று பட்டை இருந்தால் துணை விமானி.

அழகு ஜாக்கெட்தான், சரி. ஆனால் நள்ளிரவில் குழந்தையோடு விமானம் ஏறும்போது, அந்த நாலு பட்டையைப் பார்த்தால்தான் எனக்கு மனசு நிம்மதியாகிறது.