மோஷ்: நல்ல கருவிதான், ஆனால் உங்களுக்குத் தேவையா?

எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியை டெர்மினலில் இயக்க உதவும் வழி) மூலம் ஒரு சர்வரில் நுழைந்து, நடுவில் எழுந்து போய்விட்டு வந்தால் டெர்மினல் செத்துக் கிடக்கும். எதைத் தட்டினாலும் அசையாது. (எதற்கும் முதலில் கன்ட்ரோல்-க்யூ அழுத்திப் பாருங்கள். கை பட்டு, திரை வெளியீட்டை நிறுத்தும் கன்ட்ரோல்-எஸ் விழுந்திருந்தாலும் இதே கோலம்தான்.) இதற்கு மருந்தாகப் பலரும் கைகாட்டும், எஸ்எஸ்எச்சுக்கு மாற்றான கருவி மோஷைத்தான் நான் அன்றாடம் பயன்படுத்துகிறேன். ஆனால் சும்மா விட்டால் உறைகிறது என்பது மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால் அது வேண்டியதே இல்லை.

குற்றவாளி பெரும்பாலும் நடுவில் இருக்கும் ரவுட்டரோ ஃபயர்வாலோதான். கொஞ்ச நேரம் பாக்கெட் எதுவும் போகாவிட்டால் அந்த இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து தூக்கிவிடும், இரு முனைக்கும் சொல்லாமலே. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ் வழக்கமாக 7200 நொடி கழித்துத்தான் கண் விழிக்கும். அதற்குள் கதை முடிந்திருக்கும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் சர்வர்அலைவ்இன்டர்வல் மதிப்பை 60 ஆக்குங்கள், போதும்: சும்மா இருந்தாலும் 60 நொடிக்கு ஒருமுறை சர்வருக்கு ஒரு சிறு செய்தி போகும். இயல்பாக அது 0, அதாவது எதையும் அனுப்பாது. ஏற்கெனவே உறைந்த செஷனை வெட்ட: என்டர், டில்டே (~), புள்ளி என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்.

மோஷின் அருமை ஊர் சுற்றுபவர்களுக்குத்தான் தெரியும். லேப்டாப்பை மூடி, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறித் திறந்தால், மேலே ஒரு நீலப் பட்டை கடைசித் தொடர்பு எத்தனை நொடிக்கு முன் என்று எண்ணிக்கொண்டிருக்கும். சட்டென்று பட்டை மறையும், விட்ட இடத்திலேயே கர்சர் நிற்கும். டிசிபி போல நிலையான இணைப்பைப் பிடித்துக்கொள்ளாத யுடிபியில் ஓடுவதால் ஐபி முகவரி மாறினாலும் கவலையில்லை. இணைப்பு மந்தமாக இருந்தால், தட்டிய எழுத்து அடிக்கோட்டோடு உடனே தெரியும். சர்வர் ஒப்புக்கொண்டதும் கோடு போய்விடும். இதற்குப் பழகியபின் வெறும் எஸ்எஸ்எச் சலிப்பூட்டும்.

எரிச்சல்களும் உண்டு. மேலே சுருட்டிப் பழைய வெளியீட்டைப் பார்க்க முடியாது. போர்ட் ஃபார்வர்டிங் (வேறு நிரல்களின் தொடர்பையும் இதே இணைப்பு வழியாக அனுப்புவது) கிடையாது. சர்வரிலும் மோஷ் இருக்க வேண்டும். யுடிபி 60000 முதல் 61000 வரையிலான போர்ட்டுகளில் ஒன்றாவது திறந்திருக்க வேண்டும். நான் வேலை செய்யும் ஒரு வாடிக்கையாளர் நெட்வொர்க்கில் யுடிபிக்கே தடை. அங்கே பழைய எஸ்எஸ்எச்சும் அந்த 60உம்தான். அப்புறம், லேப்டாப் பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டால் சர்வரில் மோஷ் செஷன் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும். மறுபடி அதில் ஒட்டிக்கொள்ள வழியில்லை. எனவே உள்ளே டிமக்ஸ் (இணைப்பு போனாலும் வேலையைச் சர்வரில் ஓடவிட்டு, பிறகு மீண்டும் ஒட்டிக்கொள்ள விடும் கருவி) இல்லாமல் நான் எந்த நீண்ட வேலையையும் தொடங்குவதில்லை.