அரண்மனை உத்தியோகமா, ஆண்டவரா?

களியக்காவிளை எல்லையோரத்தில் பிள்ளை படித்து முடித்தால் வீட்டில் ஒரே பேச்சுதான்: வளைகுடாவா, திருவனந்தபுரமா? நல்ல சம்பளம் தப்பில்லை. வீட்டுக்கடன் அடையும், தங்கையின் கல்யாணம் நடக்கும்.

ஆனால் எனக்கு தேவசகாயம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். 1712இல் நட்டாலத்தில் பிறந்தவர், திருவிதாங்கூர் அரசில் அதிகாரி. துயரத்தில் இருந்தவருக்கு டச்சுத் தளபதி டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபு! 1745இல் வடக்கன்குளத்தில் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் பதவி போனது, சிறை, சித்திரவதை. 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022இல் புனிதர் பட்டம்.

திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனையில் கறுப்புத் தரை இன்றும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கிறோம். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை வேறு மாதிரி. மகனுக்கு விசா கேட்டு வந்த ஒரு அம்மா, கல்லில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். விசாவைப் பற்றிப் பேசவே இல்லை. "அவன் ஜெபத்தை விட்டுடக் கூடாது சாமி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.